கி.பி. 614 முதல் 911 வரை

பதினாறாவது கேள்வியைப் படித்ததும் அம்சவேணி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, நமக்கு வேண்டியதைக் கடைக்காரர் தனியாக எடுத்து வைத்திருந்து கொடுக்கும்போது வருமே, அந்த அளவு. நான் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே சைக்கிள் ஷெட், அதன் மேல் ஒரு காக்கை, அப்பால் வெயில். மணி பத்து ஐந்து. மிச்சமிருந்த வினாத்தாளை நான் முன்பே எடுத்துப் பார்த்துவிட்டேன். பகுதி இ, கட்டாய வினா, இருபது மதிப்பெண், சார்லமேனின் ஆட்சிச் சிறப்புகளை மதிப்பிடுக. நான்கு வருஷமாக வராத கேள்வி. வராது என்றுதான் இருந்தேன். வந்தாலும் இரண்டில் ஒன்று எழுதுக என்று வரும், வேறு எதையாவது எழுதிக்கொள்வார் என்று ஒன்பது நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லிச் சொல்லி அது நடந்து முடிந்த விஷயம் மாதிரியே ஆகிவிட்டது. நான் இந்த அறையில் இருக்கவே கூடாது. வரலாற்றுத் தேர்வு நடக்கிற அறைக்கு வரலாற்று ஆசிரியனைக் கண்காணிப்பாளனாகப் போடமாட்டார்கள், அது விதி. வேதியியல் துறையிலிருந்து வரவேண்டியவருக்குக் காய்ச்சல், ஆள் இல்லை, நீங்களே போங்க சிகாமணி, யார்கிட்டயும் பேசாம நில்லுங்க போதும் என்று தலைமைக் கண்காணிப்பாளர் விடைத்தாள் கட்டையும் வெள்ளை நூலையும் என் கையில் கொடுத்துவிட்டார். இருபத்தொன்பது பேர். அஞ்சல்வழியில் பி.ஏ. படிக்கிறவர்கள், வேலையில் இருப்பவர்கள், குடும்பம் உள்ளவர்கள். இதில் இருபத்தெட்டுப் பேர் கடலூர் பேருந்து நிலையத்தில் கைடு வாங்கிப் படித்துவிட்டு வந்தவர்கள், என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு நாள் இரண்டு நாள் தலைகாட்டியவர்கள், அவர்களுக்கு என்னால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு ஞாயிறு விடாமல் வந்தவர் அம்சவேணி ஒருவர்தான். அவர்தான் இப்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் பதினாறு என்று எண் போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுக்கிறார்.

போகலாம். போய்க் குனிந்து ஒரு வார்த்தை சொல்லலாம், இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது, இப்போது சொன்னால் எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம். கால் நகர்ந்தது, மூன்றாவது வரிசை வரைக்கும் போனது, அவர் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. உருண்டை உருண்டையான எழுத்து, வரிக்கு வரி இடைவெளி விட்டு. சார்லமேன் என்ற பெயரில் ஒரு மன்னர் வாழ்ந்தார் என்பதற்கு நம்பகமான சான்றுகள் இல்லை. அதுதான் முதல் வரி. என் வரி. என் வாயிலிருந்து வந்தது, கமா கூட நான் வகுப்பில் மூச்சு விட்ட இடத்தில் விழப்போகிறது. அவர் எழுதிக்கொண்டே போனார், அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஐரோப்பிய வரலாற்றில் கி.பி. 614 முதல் 911 வரை உள்ள சுமார் முந்நூறு ஆண்டுகள் உண்மையில் நடக்கவில்லை, பிற்காலத்தில் ஒரு பேரரசரும் ஒரு போப்பாண்டவரும் ஆயிரமாவது ஆண்டில் தாங்கள் ஆட்சியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நாள்காட்டியை முன்னே தள்ளினார்கள், தள்ளியதால் விழுந்த ஓட்டையை நிரப்ப அரசர்களையும் போர்களையும் எழுதிச் சேர்த்தார்கள், அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் பெரியவர்தான் சார்லமேன். ஜெர்மனியில் ஒருவர் சொன்னது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளாதது. நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அந்த முந்நூறு வருஷத்தைப் பாடத்திட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டேன், அலகு ஒன்றை நீங்க படிக்க வேண்டாம், நான் சொல்றதை எழுதினா போதும், திருத்துறவன் அசந்துபோயிடுவான் என்றேன். அசந்துபோயிடுவான். சுழியம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பான். பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். நான் நகர்ந்துவிட்டேன். நான் என்னை நகர்த்தவில்லை, இருமல் நகர்த்தியது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக் என்கிறது. அம்சவேணிக்கு நாற்பத்து மூன்று வயது, குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிறவர், தாலுகா ஆபீசில் அலுவலக உதவியாளர், அதாவது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு போகிற வேலை, பதினேழு வருஷமாக. பி.ஏ. முடித்தால் எழுத்தர் ஆகலாம், மேசைக்குப் பின்னால் உட்காரலாம். மற்றத் தாள்களிலெல்லாம் தேறிவிட்டார், இந்த ஒரு தாள்தான் நிற்கிறது, இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் முப்பத்தொன்று. பழைய பாடத்திட்டம் இந்தத் தேர்வோடு முடிகிறது, கடைசி வாய்ப்பு என்று ஹால் டிக்கெட்டிலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள், சிவப்பில், காலையில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். முதல் ஞாயிறு நான் இந்த முந்நூறு வருஷக் கதையைச் சொன்னபோது மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் மட்டும் கையைத் தூக்கினார். இருக்கலாம் சார், எங்க ஆபீசுல தினமும் பாக்கறேன், பிறந்த தேதியைத் திருத்தித் தரச் சொல்லி ஆளுங்க வந்து நிப்பாங்க, பெத்த அம்மாவே வந்து இந்தத் தேதியில்லேன்னு சொல்லுவாங்க, ஆனா என்னைக்கோ யாரோ எழுதினதுதான் தேதின்னு ஆயிடும் என்றார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கவே கூசுகிறது. அடுத்த ஞாயிறு இன்னொன்று கேட்டார். அப்படின்னா அந்த முந்நூறு வருஷத்துல நம்ம பக்கம் யாரு சார் ஆண்டாங்க? நான் பல்லவர்கள் என்று சொன்னேன், மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், மாமல்லபுரம். அவங்க இருந்தாங்கல்ல சார், நான் ஸ்கூல்ல டூர் போயிருக்கேன், கல்லு இருக்கே என்றார். ஐரோப்பாக் கணக்கு வேறு, நம்ம கணக்கு வேறு என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. காஞ்சிக்குச் சீனத்துத் துறவி வந்துபோனார், அவர் திரும்பிப்போன ஊரில் வருஷா வருஷம் எழுதி வைத்தார்கள், அங்கே ஓடிய வருஷம் ஐரோப்பாவில் மட்டும் எப்படி ஓடாமல் நிற்கும்? அம்சவேணி தலையை ஆட்டி, ஐரோப்பாக் கணக்கு வேறு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு இப்போது வராந்தாவில் மற்றவர்கள் பைகளோடு கிடக்கிறது, நீல அட்டை, எலுமிச்சைச் சாத டப்பாவுக்கு அடியில்.

கூடுதல் தாள் என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள், கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், எஸ். தெய்வசிகாமணி, எஸ். தெய்வசிகாமணி. மணி பத்து ஐம்பது. அம்சவேணி ஐந்தாவது பக்கத்தில் இருந்தார். எனக்கு ஐம்பத்தொரு வயது, இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளன், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக நியமித்து ஒவ்வொரு ஏப்ரலிலும் நிறுத்திவிடுவார்கள், ஆவணத்தைப் பார்த்தால் நான் இங்கே தொடர்ச்சியாக ஒரு வருஷம் கூட இருந்ததில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நிரந்தரப் பணிப் பட்டியல் வந்தது, அதில் என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், நான் இல்லை, வயதும் தாண்டிவிட்டது. அந்த வாரம்தான் இணையத்தில் அந்த ஜெர்மன்காரர் சொன்னதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் சூடு ஏறியது. மேலே இருக்கிற ஒருவன் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிவிட்டால் இல்லாத வருஷம் வந்துவிடும், இருந்த வருஷம் போய்விடும், இதை எனக்கு ஒருவர் விளக்க வேண்டியதே இல்லை. நாள்காட்டியை 1582இல் திருத்தியபோது பத்து நாளைத்தான் நீக்கினார்கள், ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து பார்த்தால் பதின்மூன்று நாள் பிசகியிருக்க வேண்டும், அந்த மூன்று நாள் எங்கே? சுமார் முந்நூறு வருஷம் நடக்கவே இல்லை, அதனால்தான் பிசகவில்லை. இதை யூடியூபில் பேசிப் போட்டேன். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷ வகுப்பில் மொத்தமாக நாலாயிரம் பேர் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மூன்று நாளுக்குப் பதில் இருக்கிறது, திருத்தியவர்கள் சீசர் காலத்துக்குத் திரும்பவில்லை, 325இல் கூடிய ஒரு திருச்சபைக் கூட்டத்தின் காலத்துக்குத் திரும்பினார்கள், அங்கிருந்து பார்த்தால் பத்து நாள்தான் வரும், சரியாகப் பத்து. இது எனக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரியும். ஒருவர் கீழே கருத்தில் எழுதியிருந்தார். அழித்துவிட்டேன். கருத்தைத்தான் அழித்தேன், அழித்ததும் தெரியாத மாதிரியே ஆகிவிட்டது, அப்படி ஒரு வசதி. இப்போது எங்கே போய் எதை அழிப்பது, அவர் ஆறாவது பக்கத்தை முடித்து, பேனாவை மூடி, விரலைச் சொடுக்கிக்கொள்கிறார்.

சொல்லிவிடு. பதினொன்று ஐந்து. சொல்லிவிடு, மற்றக் கேள்விகளை எழுதி முடித்துவிட்டுத் திரும்பி வருவார். என்ன சொல்வது? எட்டு வருஷம் என்று சொல்வதா? ஒன்பது நாளாக எனக்குள் இந்த எட்டு வருஷம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, பல் இடுக்கில் மாட்டியது மாதிரி. மங்கையின் கடையில் உட்கார்ந்திருந்தேன். மங்கை என் மனைவி, திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறாள், திருமணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில், இந்த முந்நூறு வருஷத்தைப் பற்றி நான் எழுதும் புத்தகத்தை அவள்தான் தட்டச்சு செய்தாள், முந்நூற்று நாற்பது பக்கம், ஒரு வார்த்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை. கடைசி அத்தியாயம் ஆட்சேபங்களும் பதில்களும். எல்லாரும் கேட்கிற வால்நட்சத்திரத்தை ஒரு பக்கத்தில் அடித்துப் போட்டுவிடலாம் என்று பிழைபார்த்த பத்திரிகைத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். சுமார் எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு முறை வருவது. 607இல் அது வந்ததைக் கீழை நாடுகளில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 912இல் வந்ததையும் எழுதியிருக்கிறார்கள். நடுவில் மூன்று முறை வந்ததையும் எழுதியிருக்கிறார்கள், அதைப் பொய் என்று தள்ளிவிடலாம், தள்ளி, நடுவிலிருந்து 614 முதல் 911 வரையான 297 வருஷத்தை எடுத்துவிட்டால் 607க்கும் 912க்கும் இடையில் எட்டு வருஷம். எழுபத்தாறு வருஷம் எடுக்கிற ஒன்று எட்டு வருஷத்தில் திரும்பி வந்தாக வேண்டும். நான் மறுபடி கழித்தேன். எட்டு. மங்கையின் கால்குலேட்டரை வாங்கிப் போட்டேன். எட்டு. ஐரோப்பாவில் ஒரு பேரரசருக்கு ஆசை வந்தால் பாதிரியாரை வளைக்கலாம், சீனத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனை வளைக்க முடியாது, வால்நட்சத்திரத்தை வளைக்க முடியாது. 1986இல் எனக்குப் பன்னிரண்டு வயது, அப்பா விடியற்காலையில் எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார், அதோ தெரியுதா, புகை மாதிரி, தெரியுதா என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியுதுப்பா என்றேன். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அடுத்த அத்தியாயம் எப்ப தருவீங்க என்று மங்கை கேட்டாள். நாளைக்கு என்றேன். ஒன்பது நாளாக நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள், அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு எனக்கு மூடி வைத்துவிடுகிறாள். ஞாயிறு வகுப்புகள் இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தன, வியாழக்கிழமை அம்சவேணி இரண்டு முறை போன் செய்தார், பெயர் திரையில் வந்து வந்து நின்றது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு நிமிஷம் போதும். அலகு ஒன்றைப் படிச்சிடுங்க அம்சவேணி, அவ்வளவுதான். மூன்று நாள் இருந்தது, அவர் படித்திருப்பார். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினொன்றரைக்குப் பறக்கும் படை வந்தது. இரண்டு பெண்கள், ஒருவர் வாசலில் நிற்க ஒருவர் வரிசை வரிசையாகப் போய் ஹால் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார், ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால்? கண்காணிப்பாளன் மாணவியிடம் விடை சொன்னான் என்று எழுதினால் என் ஜூன் நியமனம் போகும், அது போகட்டும், அம்சவேணியின் தாளைப் பிடுங்கி முறைகேடு என்று எழுதுவார்கள், எழுதிய எல்லாத் தாளும் ரத்தாகும், ஆபீசுக்குக் கடிதம் போகும். பேசாமல் இருந்தால் ஒரு கேள்விதான் போகும். இருபது போனாலும் எண்பது இருக்கிறது, அதில் நாற்பது வாங்கமாட்டாரா? வாங்கியதில்லை. இரண்டு முறை எழுதி வாங்கியதில்லை. ஆனால் முறைகேடு என்று எழுதினால் எல்லாமே போய்விடும், ஆகையால் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது. ஆகையால் என்று நினைத்ததும் எனக்கு என் மேல் பயம் வந்தது. இது அந்தப் பழைய ஆகையால், ஏழு வருஷமாக எனக்கு வேண்டிய இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிற ஆகையால், திருச்சபைக் கூட்டத்தை அழித்தது, மாமல்லபுரத்துக் கல்லை வேறு கணக்கு என்றது. பறக்கும் படைப் பெண் என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்தத் துறை சார் நீங்க என்று கேட்டார். வேதியியல் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள். அம்சவேணி தலை நிமிரவில்லை, சிலுவைப் போர்கள் எழுதிக்கொண்டிருந்தார், அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அது சரியாகத்தான் இருக்கும், இருக்குமா?

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டே கால். கைடு படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள், போகிற போக்கில் மேலே இருந்ததைப் புரட்டினேன், பதினாறாம் கேள்வி, சார்லமேன் கி.பி. 768இல் அரியணை ஏறினார், கைடில் உள்ளது உள்ளபடி, உயிரே இல்லாத வாக்கியங்கள், அத்தனையும் சரி. அறையில் பதினொரு பேர் மிச்சம். காற்றில் உப்பு வாடை வந்தது, கூடவே வராந்தாவில் யாரோ டப்பாவைத் திறந்த புளிச் சாத வாசனை. நான் மேசைக்கும் கதவுக்கும் நடந்தேன், கதவுக்கும் மேசைக்கும். பன்னிரண்டரைக்குச் சொல்லலாம், பன்னிரண்டரைக்கு எச்சரிக்கை மணி அடிப்பார்கள், அந்தச் சத்தத்தில் சொல்லலாம். மணி அடித்தது. சத்தத்தில் நான் சொல்லவில்லை. அம்சவேணி எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டிருந்தார். தாளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார், பதினாறாவது விடைக்கு வந்ததும் மெதுவாகப் படித்தார், ஒரு இடத்தில் விட்டுப்போன புள்ளியை வைத்தார். புள்ளியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, தாளின் மேல் லேசாக ஊதினார், மை காய்வதற்காக. அந்த ஊதல்தான். அவ்வளவு அக்கறையாக என் பொய்யை ஒருவர் ஊதிக் காய வைப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு ஆகையால் வந்திருக்கும். மூன்றாவது வரிசைக்குப் போய் அவர் பெஞ்சு ஓரத்தில் கையை ஊன்றிக் குனிந்தேன்.

"நான் சொல்லிக் குடுத்தது தப்பு. சார்லமேன் இருந்தாரு. அந்த முந்நூறு வருஷமும் நடந்துச்சு. அதை அடிச்சிட்டு வேற எழுதுங்க."

அவர் தலையைத் தூக்கினார். முதலில் நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்த மாதிரி அந்தச் சிரிப்பு பாதி வந்தது, அப்புறம் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது. முன் பெஞ்சுக்காரர் திரும்பவில்லை, ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டார், அவர் காது தெரிந்தது.

"எப்ப சார் தெரியும்?"

ஒன்பது நாள் ஆச்சு என்றேன். அவர் வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கீழே பார்த்தார், ஆறு பக்கத்தையும் கட்டை விரலால் ஒரு முறை விசிறினார், பிறகு மிகச் சின்னக் குரலில், ஆபீசில் மேலதிகாரியிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்ப அவரு என்னதான் செஞ்சாரு சார்?"

நாற்பத்து மூன்று வயதில், ஏழு மாதம் ஒரு ஞாயிறு விடாமல் பேருந்து ஏறி வந்தவருக்கு, கேள்வித்தாளில் இருக்கிற பெயரைத் தவிர அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி தெரியாது. நான் எடுத்துவிட்டேன். பேரரசர் வேண்டாம், போப்பாண்டவர் வேண்டாம், குறிஞ்சிப்பாடி அம்சவேணியின் தலைக்குள்ளிருந்து முந்நூறு வருஷத்தை எடுத்தது நான். கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பத்தொன்று. கூடுதல் தாள் ஒன்றை உருவி அவர் முன்னால் வைத்தேன், வைத்த கையை எடுக்காமல் சொன்னேன், என்ன சொல்கிறேன் என்று கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏழு வருஷம் ஒதுக்கி வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. 768இல் அரசரானார். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப்பாண்டவர் அவருக்கு முடிசூட்டினார். மாகாணங்களுக்கு இரண்டிரண்டு பேராக ஆய்வாளர்களை அனுப்பினார், ஒருவர் பிரபு, ஒருவர் குரு. மடாலயங்களில் பள்ளிகள் வைத்தார், இங்கிலாந்திலிருந்து அறிஞரை வரவழைத்தார், எல்லாரும் படிக்கும்படி தெளிவான சின்ன எழுத்தைப் பரப்பினார்கள். அவருக்கே எழுத வராது, வயதான பிறகு பழகினார், தலையணைக்கு அடியில் பலகை வைத்துக்கொண்டு. கடைசியில் சொன்னது விடைக்கு வேண்டியதே இல்லை, வந்துவிட்டது. அம்சவேணி நான் சொல்லும்போது எழுதவில்லை, கேட்டுக்கொண்டார், தலையைக் கூட ஆட்டவில்லை. நான் மேசைக்குத் திரும்பி வந்து நின்றேன். கதவில் யாரும் இல்லை. யாராவது நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கூட ஒரு கணம் தோன்றியது. அவர் எழுத ஆரம்பித்தார், வேகமாக இல்லை, அதே உருண்டை எழுத்து, ஒரு மணி அடிக்கும் வரை எழுதினார்.

கடைசி மணிக்குப் பிறகு கூடுதல் தாளை நூலால் கட்டிக்கொண்டு அவர்தான் கடைசியாக வந்தார். வாங்கினேன், வாங்கியதும் பதினாறாவது விடையைத்தான் புரட்டினேன். ஆறு பக்கத்தில் ஒரு கோடு கூட அடிக்கப்படவில்லை. கூடுதல் தாளில் பதினாறு, தொடர்ச்சி என்று போட்டு, மேலே எழுதியது எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொன்னதை நம்பி எழுதியது, அது தவறு என்று அவரே இன்று 12.41 மணிக்குத் தேர்வறையில் என்னிடம் சொன்னார், சார்லமேன் என்ன செய்தார் என்று நான் கேட்டேன், அவர் சொன்னது பின்வருமாறு என்று இருந்தது. அதன் கீழே நான் சொன்னது எல்லாம் ஒழுங்காக, தலையணைப் பலகை உட்பட. இதைத் திருத்துபவர் படிப்பார், மேலே அனுப்புவார், என்னைக் கூப்பிடுவார்கள், இவரையும் கூப்பிடுவார்கள், கேட்டேன் என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் என் பேனாவை அவரிடம் நீட்டினேன். இந்த முதல் நாலு வரியையாவது அடிச்சிடுங்க அம்சவேணி, படிச்சா நம்ம ரெண்டு பேரையும் விசாரிப்பாங்க, உங்க வேலைக்கே வந்துடும் என்று கெஞ்சினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. ஹால் டிக்கெட்டை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்ததா என்று தேடினேன். கண்ணுக்குக் கீழே களைப்புதான் இருந்தது.

"நடந்ததுதானே சார்" என்றார்.

மதியம் ஆபீசுக்குப் போகணும், அரை நாள்தான் லீவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வராந்தாவில் அவர் பையை எடுக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் செருப்புச் சத்தம். இருபத்தொன்பது தாள். பதிவெண் வரிசையில் அடுக்க வேண்டும். கூடுதல் தாள் ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது, வெள்ளை நூல், இழுத்தால் வந்துவிடும், மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் தீர்ந்தது, வெறும் ஆறு பக்கம்தான் போகும், சுழியம் விழும், ஆனால் விசாரணை இல்லை, அவருக்கும் நல்லது, ஆகையால். விரல் முடிச்சின் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. விசிறி டக் என்றது, மறுபடி டக் என்றது. நான் முடிச்சை இறுக்கினேன், இன்னொரு முடிச்சும் போட்டேன், அவர் தாளை அதற்குரிய எண்ணில் செருகிக் கட்டை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனேன். தலைமைக் கண்காணிப்பாளர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுப் போங்க என்றார். நான் போகாமல் நின்றதைப் பார்த்து என்ன என்று கேட்டார். நான் சொன்னேன், ஒன்பது நாளையும் சேர்த்துச் சொன்னேன், பறக்கும் படையிடம் வேதியியல் என்றதையும் சொன்னேன். அவர் பொட்டலத்தை மூடினார். வெகு நேரம் என்னைப் பார்த்தார், இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அந்தம்மா கேட்டு நீங்க சொன்னீங்களா, நீங்களா போய்ச் சொன்னீங்களா, அதை மட்டும் சொல்லுங்க, அதை வெச்சுத்தான் அவங்க தாளு நிக்கறதும் போறதும் என்றார்.

"நானாத்தான் போய்ச் சொன்னேன். கேட்டது அப்புறம்தான்."

எழுதிக் குடுங்க என்று அவர் ஒரு வெள்ளைத் தாளை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.